கோடியக்கரை பறவைகளுக்காகப் பேசிய சலீம் அலி: கள்ளக்குறிச்சிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனால் கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகி ஆறாக இறங்கி, வெள்ளாற்றில் சேர்ந்து, பரங்கிப்பேட்டை அருகே கடலுக்குப் போகிறது. மலைத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கும் இதுபோன்ற இடங்களில்தான் பறவைகளுக்குத் தேவையான மீனும் புழுவும் பெருகுகின்றன. இந்தச் சேற்று நிலங்கள் வெறும் தரிசு இல்லை என்று நாட்டுக்குப் புரிய வைத்தவர்களில் முக்கியமானவர் சலீம் அலி.

யார் இந்த சலீம் அலி?

1896 நவம்பர் 12ல் மும்பையில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்து, மாமா வீட்டில் வளர்ந்தார். ஒருநாள் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட, அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்துச்சு. அது என்ன குருவி என்று தெரிஞ்சுக்க மும்பை இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குப் போனார். அங்கே பாடம் செய்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான பறவைகளைப் பார்த்ததும், அவருடைய வழியே மாறிப்போச்சு.

பட்டம் இல்லை, வேலையும் இல்லை

பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் அரசு விலங்கியல் துறையில் வேலை கிடைக்கவில்லை. ஜெர்மனி சென்று பயிற்சி பெற்று 1930ல் திரும்பினால், மும்பை அருங்காட்சியகத்தில் இருந்த பழைய வேலையும் போயிருந்தது. செலவைக் குறைக்க கிஹிம் என்ற கடலோர கிராமத்தில் குடியேறினார். அங்கே தூக்கணாங்குருவிகளை மாதக்கணக்கில் கவனித்து எழுதியது அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

பிறகு சமஸ்தானங்களிடம் ஒரு யோசனை சொன்னார். சம்பளம் வேண்டாம், செலவை மட்டும் கொடுத்தால் போதும், உங்கள் பகுதியின் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருகிறேன் என்பதுதான் அது. ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி என்று வேலை நீண்டது. கூடவே அலைந்த மனைவி தெஹ்மினா 1939ல் இறந்தார். அந்தத் துக்கத்திலும் வேலையை விடவில்லை. 1941ல் வெளிவந்த அவருடைய இந்தியப் பறவைகள் நூல், சாதாரண மக்களையும் பறவை பார்க்க வைத்தது.

கோடியக்கரையில் என்ன செய்தார்?

1959ல் மும்பை சங்கம் பறவைகளின் காலில் எண் போட்ட வளையம் மாட்டும் திட்டத்தைத் தொடங்கியது. பறவைகள் வழியாக நோய்க்கிருமி பரவுதா என்று அறிய உலக சுகாதார நிறுவனமும் உதவியது. வளையம் மாட்டிய பறவை வேறு நாட்டில் கிடைத்தால், அது பறந்த பாதை தெரிந்துவிடும்.

நாகப்பட்டினம் மாவட்டம் கோடியக்கரையிலும் இந்தப் பணி பல ஆண்டுகள் நடந்தது. பூநாரைகளும் உள்ளான்களும் கூடும் இந்த இடத்தின் முக்கியத்துவத்தை சலீம் அலி எடுத்துச் சொன்னார். 1967ல் இது வனவிலங்கு சரணாலயம் ஆனது. வெளிமான்களுக்கும் பாதுகாப்பு கிடைத்தது. 2002ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது.

ராஜஸ்தானின் பரத்பூர், கேரளாவின் அமைதிப் பள்ளத்தாக்கு இரண்டையும் காப்பாற்றவும் அவர் குரல் கொடுத்தார். பத்ம விபூஷண் பெற்றார், மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1987 ஜூன் 20ல், 90 வயதில் காலமானார். கோவை ஆனைகட்டியில் உள்ள பறவையியல் ஆய்வு மையம் அவர் பெயரில்தான் இயங்குகிறது.

இப்போது ஏன் முக்கியம்?

சரணாலயம் என்று பலகை வைத்தால் மட்டும் பறவை வராது. ஆழம் குறைந்த தண்ணீர், சேறு, ஆற்றிலிருந்து வரும் நன்னீர் மூன்றும் வேணும். நன்னீர் குறைந்தால் உப்பு ஏறும். உப்பு ஏறினால் இரை குறையும்.

2019 வரை கள்ளக்குறிச்சியை உள்ளடக்கியிருந்த விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் அருகே உள்ள கழுவெளி 2021ல் பறவைகள் சரணாலயமானது. 2024ல் ராம்சர் அங்கீகாரமும் பெற்றது. அதன் ஏரிகளுக்கும் கால்வாய்களுக்கும் தண்ணீர் வந்தால்தான் அந்த அங்கீகாரத்துக்கு அர்த்தம். கல்வராயன் மலைக் காடும் ஓடையும் நல்லா இருக்கணும் என்பதற்கும் இதுவே காரணம். ஆறு கடைசியில் போய்ச் சேருவது கடலோரத்துக்குத்தானே.