ஆணி அறைந்த பலகை

பார்வையற்றோர் விரலால் தடவி வாசிக்கும் புள்ளி எழுத்தைத் தந்தவர் லூயி பிரெயில் என்பது நாம் அறிந்ததே. ஆனால் அவருடைய வரலாற்றை வாசித்தபோது என் மனதில் அதிகம் பதிந்தவர் அவருடைய தந்தைதான்.

பாரிஸ் நகருக்குக் கிழக்கே உள்ள கூப்வ்ரே என்ற கிராமத்தில் 1809 ஜனவரி 4ஆம் திகதி லூயி பிறந்தார். தந்தை சிமோன் ரெனே, குதிரைகளுக்குச் சேணம் தைப்பவர். மூன்று வயதில் லூயி பட்டறையில் விளையாட்டாகத் தோலைத் துளைக்க முயன்றபோது, கூரிய கருவி வழுக்கி ஒரு கண்ணில் குத்தியது. நோய் மற்றக் கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதில் பார்வை முற்றாகப் போய்விட்டது.

நம் வீடுகளில் இப்படி நடந்திருந்தால் அந்தப் பட்டறை அன்றே பூட்டப்பட்டிருக்கும். உம்மாவும் வாப்பாவும் பிள்ளையை ஒரு மூலையில் இருத்தி, ஊட்டிவிட்டு, அன்பினாலேயே முடக்கியிருப்பார்கள். சிமோன் ரெனே அப்படிச் செய்யவில்லை. மகனுக்குக் கைத்தடி செய்து கொடுத்து ஊர்ப் பாதைகளில் தனியே நடக்கப் பழக்கினார். பட்டறைக்குள்ளும் வரவிட்டார். சேணத்துக்கான தோல் குஞ்சங்களைச் செய்யும் வேலையை அவனிடமே கொடுத்தார். பலகையில் ஆணிகளை எழுத்து வடிவில் அறைந்து, தடவிப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். தன் கருவியால் கண்ணிழந்த பிள்ளையின் கையில் மீண்டும் வேலையைக் கொடுக்க அந்த மனிதருக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும்! ஊர்ப் பாதிரியாரும் ஆசிரியரும் லூயியை மற்றப் பிள்ளைகளோடு வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள்.

1819இல் லூயி பாரிஸிலிருந்த பார்வையற்றோர் பாடசாலைக்குப் போனார். அங்கிருந்த நூல்களில் பெரிய புடைப்பு எழுத்துகள் இருந்தன. வாசிக்க வெகுநேரமாகும்; அந்த முறையில் கையால் எழுதவும் முடியாது. பின்னர் சார்ள்ஸ் பார்பியே என்ற முன்னாள் படை அதிகாரியின் புள்ளி முறை அங்கு அறிமுகமானது. அதில் ஒரு குறிக்கு 12 புள்ளிகள் வரை இருந்ததால் அது விரல் நுனிக்குள் அடங்கவில்லை. லூயி பலமுறை குத்திப் பார்த்து, 6 புள்ளிகளுக்குள் எல்லா எழுத்தையும் அடக்கினார். அப்போது அவருக்கு வயது 15, என்னைவிட இரண்டு வயது குறைவு! அதிபர் பின்யே அவரை ஊக்குவித்தார். 1829இல் அம்முறை நூலாக வெளிவந்தது. அடுத்து வந்த அதிபர் அதை ஒதுக்கிவைத்தபோதும் மாணவர்கள் கைவிடவில்லை.

அதே பாடசாலையில் ஆசிரியராகவும், தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவராகவும் இருந்த லூயி, காசநோயால் 1852 ஜனவரி 6ஆம் திகதி காலமானார். இரண்டு ஆண்டுகளின் பின்னரே பிரான்ஸ் அவருடைய எழுத்தை ஏற்றது.

1952இல் அவருடைய உடல் பாரிஸில் பெரியோர் துயிலும் பாந்தியோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. கைகளை மட்டும் கூப்வ்ரேயிலேயே வைத்துக்கொண்டார்கள்.