வெள்ளிக் காசில் வரலாறு கண்ட பெட்ரார்க்

காசு என்றதும் பலர்க்கும் நினைவில் எழுவது செலவே. பயணச்சீட்டுச் சாளரத்தினுள் அமர்ந்து நாள் முழுதும் காசு எண்ணும் எம் போன்றோர்க்கோ அது கணக்கு. ஒரு காசு குறையினும் அன்றிரவு உறக்கம் இல்லை. ஆயின், செல்லாத பழங்காசுகளையே விரும்பித் திரட்டி, அவற்றைக் கொண்டு ஓர் அரசனுக்கு நெறி உணர்த்த முயன்ற புலவர் ஒருவர் இத்தாலி நாட்டில் தோன்றினார். அவரே பெட்ரார்க். அப்பெருமகனாரின் வரலாற்றைச் சங்க மலரின் வாயிலாகக் காலனி அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

பெட்ரார்க்கின் தந்தையார் புளாரன்ஸ் நகரில் பத்திரம் எழுதும் தொழிலினர். அரசியல் பூசல் காரணமாக 1302ஆம் ஆண்டில் நாடு கடத்தப்பெற்றார். ஆதலின் மகன் 1304ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 20ஆம் நாள் பிறந்தது சொந்த ஊரில் அன்று. அரெஸ்ஸோ என்னும் அயலூரில். பின்னர், போப்பாண்டவர் அப்போது வீற்றிருந்த அவிஞான் நகரை நாடிக் குடும்பம் பிரெஞ்சு மண்ணுக்குப் பெயர்ந்தது. பிழைப்பை நாடிப் பெற்றோர் செல்லும் ஊர்களிலெல்லாம் வளரும் பிள்ளையின் நிலையை நாம் நன்கு அறிவோம் அல்லமோ!

தந்தையார் மகனைச் சட்டம் பயில அனுப்பினார். மகனோ பழைய இலத்தீன் நூல்களில் மூழ்கினார். ஒருநாள் தந்தையார் சினந்து அந்நூல்களைத் தீயில் இட்டார். மகன் கதறி அழவே, மனம் இளகி, வர்ஜிலின் நூல் ஒன்றையும் சிசெரோவின் நூல் ஒன்றையும் நெருப்பினின்று மீட்டுத் தந்தார். 1326ஆம் ஆண்டில் தந்தையார் மறைந்ததும் சட்டக் கல்வியைத் துறந்து, எழுத்தையே வாழ்வாகக் கொண்டார் பெட்ரார்க்.

அவர் புகழ் நாடெங்கும் பரவிற்று. 1341ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் ரோம் நகரத்துக் குன்றின்மேல் அவருக்கு வாகை மாலை சூட்டிச் சிறப்பித்தனர். ஆயின் அவர் கண்ட ரோம் பழம்பெரு நகரின் எலும்புக்கூடே. இடிந்த மாளிகைகளுக்கு இடையே திராட்சைத் தோட்டங்கள் மண்டிக் கிடந்தன. தோட்டத்தைக் கொத்தும் உழவர்கள் மண்ணில் அகப்பட்ட பொற்காசையும் வெள்ளிக் காசையும் அவரிடம் கொணர்வர். விலைக்கு வாங்குமாறு வேண்டுவர். அன்றேல், அதில் உள்ள முகம் எவருடையது என வினவுவர்.

அவ்வெள்ளிக் காசுகளுள் தலையாயது தெனாரியஸ் என்பது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய அது ஏறத்தாழ நான்கு கிராம் எடையுள்ளது. நம் சுண்டுவிரல் நகத்தினும் பெரியது. அத்துணைச் சிறு வட்டத்துள் பேரரசனின் முகமும், பெயரும், பட்டங்களும் அடங்கியிருக்கும். பிறர் அதனை உருக்கினால் தேறும் வெள்ளியை எண்ணினர். பெட்ரார்க்கோ எழுத்துகளைக் கூட்டிப் படித்தார். நூலாசிரியர்கள் வருணித்த முகத்தையும் காசில் உள்ள முகத்தையும் ஒப்பிட்டுத் தம் ஏட்டின் ஓரங்களில் குறிப்பு எழுதினார். இங்ஙனம் காசு வரலாற்றுக்குச் சான்று கூறலாயிற்று.

1354ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள். போகீமிய மன்னர் நான்காம் சார்லஸ் பேரரசராக முடிசூட ரோமுக்குச் செல்லும் வழியில் மான்டுவா நகரில் தங்கினார். அவர் பெட்ரார்க்கை வரவழைத்து, புகழாளர்களைப் பற்றி அவர் எழுதிவந்த நூலைத் தமக்கு உரிமையாக்குமாறு கேட்டார். அரசர் தம் செயலால் அதற்குத் தகுதி பெறின் அவ்வாறே செய்வதாகப் புலவர் அஞ்சாது விடை பகர்ந்தார். பின், தாம் அருமையாய்ப் போற்றிய பொற்காசுகளும் வெள்ளிக் காசுகளும் சிலவற்றை எடுத்து மன்னரின் கையில் வைத்தார். அவற்றுள் ஒன்றில் அகஸ்டஸின் முகம் உயிருடன் பேசுவது போல் விளங்கிற்று. எவருடைய அரியணையில் ஏறுகின்றாரோ அவரையே பின்பற்றுமாறு மன்னரை வேண்டிக்கொண்டார்.

விளைந்தது யாது? 1355ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் முடிசூடிய சார்லஸ், போப்பாண்டவருக்கு அளித்த வாக்கின்படி அன்றே ரோமை விட்டு அகன்றார். விரைவில் இத்தாலியையும் நீங்கினார். செல்லும்போது சீசரின் பழைய உருவம் ஒன்றைப் புலவருக்குப் பரிசாக அனுப்பினார். பரிசு வந்தது; பண்பு வரவில்லை. பெட்ரார்க் மனம் நொந்து, அவ்வுருவம் பேச வல்லதாயின் இப்பயணத்தைத் தடுத்திருக்கும் என்னும் கருத்துப்பட அரசருக்கே மடல் தீட்டினார்.

எனினும் அவர் புலமை வீண்போகவில்லை. ஆஸ்திரியக் கோமகன், சீசரும் நீரோவும் தம் நாட்டுக்கு வழங்கியவை எனச் சில உரிமை ஆவணங்களைக் காட்டினான். 1361ஆம் ஆண்டில் சார்லஸ் அவற்றைப் பெட்ரார்க்கிடமே அனுப்பிக் கருத்துக் கேட்டார். சீசர் தம்மை ஒருமையில் குறிப்பவர். ஆவணமோ பன்மையில் பேசிற்று. அகஸ்டஸ் என்னும் பட்டம் அவருக்குப் பின்வந்தவர்க்கே உரியது. ஆவணமோ அதனைச் சீசருக்கே சூட்டிற்று. பொய் வெளியாயிற்று! (இக்கட்டுரையாளராகிய யாமும் பன்மையிலேயே எழுதுகின்றோம், அன்பர்கள் ஐயுற வேண்டா.)

1374ஆம் ஆண்டு சூலைத் திங்களில், எழுபது வயது நிறைவதற்கு ஒருநாள் இருக்கையில், ஆர்க்குவா என்னும் சிற்றூரில் பெட்ரார்க் மறைந்தார்.

அவர் போற்றிய அகஸ்டஸின் முகம் தமிழ் மண்ணுக்கும் அயலன்று. 1842ஆம் ஆண்டில் கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 500க்கு மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலன அகஸ்டஸ், திபேரியஸ் ஆகியோர் காலத்தன. கடல்வழி வாணிகம் கொணர்ந்த செல்வம் அது.

ஊர் கடந்து வாழும் நம் இல்லங்களிலும் பாட்டனாரின் ஏடோ, பாட்டியாரின் பழங்காசோ பெட்டியின் அடியில் இருத்தல் கூடும். அதனைப் பூட்டி வைத்தல் எளிது. எடுத்துப் பிள்ளைகளின் கையில் கொடுத்து, அதன் கதையைக் கூறுதலே அரிது. பெறுவோர் சார்லஸைப் போன்றே நடப்பினும், கொடுக்கும் கடன் நம்முடையதே. அதனை இந்த ஆண்டு விழா நாளிலேயே தொடங்குவோமாக!