சத்திரங் காத்த சரபோஜி மன்னர்

வழிநடந்து களைத்து வந்தார்க்கு இடமும் உணவும் அளித்தல் தமிழ்நாட்டின் பழந்தருமம். கள்ளக்குறிச்சி ஜில்லாவிலுள்ள திருக்கோவலூரிலே, மழையிரவில் முதலாழ்வார் மூவர்க்கும் ஒரு சிறிய இடைகழி புகலிடமாயிற்றென்னும் வரலாற்றை அறியாதார் யாவர்? அத்தருமமே பிற்காலத்தில் சத்திரமாய் விரிந்தது. அதனைத் தம் குடும்பக் கடமையாகவே கொண்டு காத்தவர் தஞ்சை இரண்டாம் சரபோஜி மன்னராவர்.

இவர் 1777இல் பிறந்தார். 1787இல் துளஜா மன்னர் இவரைச் சுவீகாரஞ் செய்துகொண்டார். துளஜாவுக்குப்பின் அமரசிங்கர் அரசேறவே, இளைஞரான சரபோஜி இன்னலுற்று, சுவார்ட்ஸ் பாதிரியாரின் ஆதரவிற் கல்வி கற்றார். 1798இல் சிம்மாசனமேறினார். மறுவருடத்து உடன்படிக்கையினால் நாட்டின் ஆட்சி கும்பினியார் வசமாயிற்று.

நாட்டை விட்டுக்கொடுத்த மன்னர் சத்திரங்களை விட்டுக்கொடுக்க இசைந்தாரில்லை. இராமேசுவர யாத்திரை வழியில் மராத்திய அரசர்கள் தம் குடும்பப் பெண்மணிகளின் பேரால் சத்திரங்கள் கட்டி, கிராமங்களை மானியமாக விட்டிருந்தனர். அவை தம் மேற்பார்வையிலேயே இருத்தல் வேண்டுமென்று 1801இல் ரெசிடெண்டுக்கு விரிவாக எழுதினார். அங்கே எச்சாதியார்க்கும் அன்னமளிக்கப்பட்டது. நள்ளிரவில் மணியடித்து, உண்ணாதிருந்தாரை அழைத்து உணவிட்டனர். நோயாளிக்கு வைத்தியமும், கருவுற்ற பெண்டிர்க்குப் பராமரிப்பும், அநாதைப் பிள்ளைகட்குக் கல்வியும், வழியில் இறந்தார்க்கு ஈமக்கடனும் குறைவின்றி நடந்தன. தஞ்சைக்குத் தரும ராஜ்யமென்று வழங்கிய பெயரையே மன்னர் தமக்குற்ற பெரும் புகழாக மதித்தார்.

1802இல் ஒரத்தநாட்டில், மறைந்த தம் அன்புக்குரிய முக்தாம்பாளின் பேரால் பெரியதொரு சத்திரம் எழுப்பினார். சரசுவதி மகாலை நூல்களால் நிரப்பினார். 1820இல் தொடங்கிக் காசியாத்திரையுஞ் செய்தார். 1832இல் காலமானார்.

அவர் மகன் சிவாஜி 1855இல் ஆண்மகவின்றி இறக்க, சமஸ்தானம் கும்பினியார்பாற் சேர்ந்தது. சத்திரங்களும் அரசாங்கத்தார் கைக்கும், பின்னர் ஜில்லா போர்டார் கைக்கும் மாறின. இரயில் வந்தபின் கால்நடை யாத்திரிகர் அருகினர். சில சத்திரங்கள் பாழாயின. ஒரத்தநாட்டுச் சத்திரம் மாணவர் விடுதியாயிற்று.

இரயில் யாத்திரிகரைக் குறைத்தது மெய்யே, பசித்தாரைக் குறைத்ததில்லை. மானிய நிலங்களும் கற்சுவர்களும் எஞ்சியிருந்தும், நள்ளிரவில் மணியடித்து, பசித்தவர் உளரோவெனத் தேடும் நெஞ்சம் இல்லாதொழிந்தது. நம் முன்னோர் வைத்த சத்திரங்களுக்கு உரியோரும் இதனை எண்ணிப் பார்ப்பாராக. தருமத்தைக் கல்லில் எழுதுதல் எளிது. வீட்டார் நாடோறும் போய்ப் பார்த்தலன்றோ அதனை நிலைநிறுத்துவது!