ஹசன் ஃபாதி

ஹசன் ஃபாதி (மார்ச் 23, 1900 – நவம்பர் 30, 1989) எகிப்து நாட்டைச் சேர்ந்த கட்டிடக்கலைஞர் ஆவார். சிமெந்தும் இரும்பும் வாங்க இயலாத ஏழை உழவர்களுக்கு, அவர்களது நிலத்து மண்ணைக் கொண்டே வீடமைக்க முயன்றவர். அலெக்சாந்திரியாவில் பிறந்த இவர், 1926 இல் கெய்ரோவில் பட்டம் பெற்றார். 1930 முதல் அங்கு நுண்கலைக் கல்லூரியில் கற்பித்தார்.

நூபிய வளைவுக்கூரை

எகிப்திய உழவர்கள் தொன்றுதொட்டுப் பச்சைச் செங்கல்லால் சுவர் எழுப்பி வந்தனர். சிக்கல் கூரையில்தான் இருந்தது. மரம் அரிதான அந்நாட்டில், இரண்டாம் உலகப் போரின்போது இரும்பும் கிடைக்காமல் போயிற்று. கூரையையும் மண்ணாலேயே வளைத்துக் கட்ட ஃபாதி செய்த முதல் முயற்சிகள் இடிந்து விழுந்தன. 1941 இல் அசுவான் பகுதிக்குச் சென்ற அவர், நூபியக் கொத்தர்கள் தாங்குமரம் ஏதுமின்றி வளைவுக்கூரை கட்டுவதைக் கண்டார். அவர்கள் முதலில் பின்சுவரை எழுப்பி, அதன்மேல் கற்களைச் சாய்வாக ஒட்டுவர். அடுத்தடுத்த வளையங்கள் ஒவ்வொன்றும் முந்தையதன் மீது சாய்ந்து நிற்கும். வைக்கோல் மிகுதியாகக் கலந்த இலேசான கற்களில் விரலால் கீறிய கோடுகள் ஈரச் சாந்தை இறுகப் பற்றிக்கொள்ளும். இது புதிய முறையன்று. லக்சருக்கு எதிரேயுள்ள ராமேசியக் கோயிலின் களஞ்சியங்களில் இத்தகைய கூரைகள் 3,000 ஆண்டுகளுக்கு மேலாக நிற்கின்றன.

புதிய குர்னா

அதே மேற்குக் கரையில், பழங்காலக் கல்லறைகளின் மேல் குர்னா ஊர் அமைந்திருந்தது. கல்லறைத் திருட்டைத் தடுக்க ஊரையே இடம்பெயர்க்கத் தொல்பொருள் துறை முடிவு செய்தது. ஏறத்தாழ 7,000 பேருக்கான புதிய ஊரை அமைக்கும் பணி 1945 இல் ஃபாதியிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரே அச்சில் வார்த்த வீடுகளை அவர் விரும்பவில்லை. குடும்பத்துக்கேற்ற வீடுகள், உறவினர் சூழ்ந்து வாழும் பொது முற்றங்கள், பள்ளிவாசல், சந்தை, அரங்கு, பள்ளிகள் எனத் திட்டமிட்டார்.

ஆயினும் குர்னா மக்கள் இடம்பெயரக் கேட்டதில்லை. கல்லறைகளும் அவற்றைக் காண வரும் பயணிகளுமே பலரது பிழைப்பாக இருந்தன. குவிமாடம் இறந்தோருக்குரியது என்ற எண்ணமும் தடையாயிற்று. கரையை உடைத்துப் புதிய ஊருக்குள் வெள்ளம் விடப்பட்டதையும் ஃபாதி தம் நூலில் பதிந்துள்ளார். 1948 இல் பணி நின்றது. திட்டத்தில் ஒரு பகுதியே கட்டப்பட்டிருந்தது. ஃபாதி அதிகாரிகளையே பெரிதும் குறை கூறினார். மக்களுக்காகக் கட்டுவதும் மக்கள் விரும்பியதைக் கட்டுவதும் ஒன்றல்ல என்பதைப் பின்வந்த ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர்.

பிற்காலம்

கார்கா பாலைவனச் சோலையில் அவர் தொடங்கிய புதிய பாரிஸ் என்னும் ஊரும் 1967 போரால் பாதியில் நின்றது. குர்னா அனுபவங்களை விவரிக்கும் அவரது நூல் 1969 இல் கெய்ரோவிலும், 1973 இல் அமெரிக்காவிலும் வெளியானது. அந்நூலே அவரை உலகறியச் செய்தது. 1980 இல் ஆகா கான் கட்டிடக்கலை விருதின் தலைவர் விருதும் வாழ்வுரிமை விருதும் பெற்றார்.

புதிய குர்னாவின் மண்வீடுகள் பல பின்னர் இடிக்கப்பட்டுக் கான்கிரீட் வீடுகளாயின. பள்ளிவாசல் நிலைத்திருக்கிறது. பழைய குர்னாவின் மக்கள் 2006 முதல் வேறொரு குடியிருப்புக்கு மாற்றப்பட்டு, அவர்களது வீடுகள் இடிக்கப்பட்டன.