சீகா வெர்த்தோவ்

சீகா வெர்த்தோவ் (ஜனவரி 2, 1896 - பெப்ரவரி 12, 1954) சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த ஆவணப்பட இயக்குனரும் திரைப்படக் கோட்பாட்டாளரும் ஆவார். 1929 இல் வெளியான 'திரைப்படக் கருவியுடன் ஒரு மனிதன்' என்னும் ஊமைப்படம் இவரது படைப்புகளில் மிகவும் புகழ் பெற்றது. சோவியத் ஆட்சியின் தொடக்ககால மக்கள் வாழ்வை அறிய இவரது படங்கள் முக்கியமான சான்றுகளாக விளங்குகின்றன.

இளமைக்காலம்

இவரது இயற்பெயர் தாவீது காஃப்மன். அக்காலத்தில் ரஷ்யப் பேரரசில் இருந்ததும் இன்று போலந்தில் உள்ளதுமான பியாவிஸ்டோக் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். இளமையில் இசை பயின்றார். முதலாம் உலகப்போரில் ஜெர்மானியப் படைகள் முன்னேறியதால் 1915 இல் இவரது குடும்பம் அந்நகரை விட்டு வெளியேறியது. பின்னர் இவர் வைத்துக்கொண்ட பெயரில் 'சீகா' என்பது உக்ரேனிய மொழியில் பம்பரத்தைக் குறிக்கும். 'வெர்த்தோவ்' என்பது சுழலுதல் என்னும் பொருளுடைய ரஷ்யச் சொல்லில் இருந்து பிறந்தது. இவரது தம்பியரான மிகயில், போரிஸ் ஆகிய இருவரும் ஒளிப்பதிவாளர்கள் ஆயினர்.

செய்திப்படங்கள்

1918 இல் மாஸ்கோவில் அரசின் திரைப்படக் குழுவில் சேர்ந்து, 'கினோ நெதேல்யா' என்னும் வாராந்தரச் செய்திப்படத்தைத் தொகுத்தார். உள்நாட்டுப் போரின்போது பரப்புரைத் தொடருந்துகளில் பயணம் செய்து படம் பிடித்தலிலும் திரையிடலிலும் ஈடுபட்டார்.

1922 முதல் 1925 வரை 'கினோ பிராவ்தா' (திரை உண்மை) என்ற பெயரில் 23 செய்திப்படங்களை வெளியிட்டார். பஞ்சத்தால் வாடிய குழந்தைகள், சோசலிசப் புரட்சியாளர் கட்சியினர் மீதான விசாரணை முதலியவை இவற்றில் இடம்பெற்றன. இவருடைய மனைவி எலிசவேத்தா சுவிலோவா படத்தொகுப்பையும் தம்பி மிகயில் ஒளிப்பதிவையும் கவனித்தனர்.

கோட்பாடு

நடிகர், கதை, ஒப்பனை, அரங்கம் ஆகியவற்றை வெர்த்தோவ் நிராகரித்தார். மனிதக் கண்ணால் காண இயலாதவற்றைத் திரைக்கண் காணும் என்பதும், தாம் படம் பிடிக்கப்படுவதை அறியாத நிலையிலேயே மக்களின் இயல்பான வாழ்வு வெளிப்படும் என்பதும் இவரது கருத்து. ஆயினும் துண்டுக் காட்சிகளை இணைத்துப் புதிய பொருளை உருவாக்கும் படத்தொகுப்பையே இவர் கலையின் உயிராகக் கருதினார். இவரது படங்களிலும் ஏற்பாடு செய்யப்பட்ட காட்சிகள் உண்டு. அரசின் நிதியில், அரசின் கொள்கையைப் பரப்புவதற்காக எடுக்கப்பட்ட படங்கள் எவ்வளவு தூரம் உண்மையைக் காட்ட முடியும் என்ற கேள்வி இன்றும் ஆய்வாளர்களால் விவாதிக்கப்படுகிறது.

உக்ரேனில்

1927 இல் மாஸ்கோவில் பணியிழந்த வெர்த்தோவ், உக்ரேனியத் திரைப்பட நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கு உருவான 'திரைப்படக் கருவியுடன் ஒரு மனிதன்', நகரம் ஒன்றின் ஒரு நாள் வாழ்வைக் காட்டுகிறது. கீவ், கார்கிவ், ஒடெசா, மாஸ்கோ ஆகிய நகரங்களின் காட்சிகள் இதில் ஒரே நகரம் போல இணைக்கப்பட்டுள்ளன. பிறப்பு, இறப்பு, திருமணம், மணமுறிவு ஆகியவை அடுத்தடுத்து வருகின்றன. படம் எடுப்பவரையும் தொகுப்பவரையும் கூட இப்படம் காட்டுவது குறிப்பிடத்தக்கது. 1931 இல் வெளியான 'உற்சாகம்' என்னும் ஒலிப்படத்துக்காகச் சுரங்கங்களிலும் தொழிற்சாலைகளிலும் நேரடியாக ஒலிப்பதிவு செய்யப்பட்டது.

ஒதுக்கப்படுதல்

1930களில் சோசலிச யதார்த்தவாதம் அரசின் அதிகாரபூர்வக் கலைக் கொள்கையானது. வெர்த்தோவின் சோதனை முயற்சிகள் வடிவவாதம் எனக் கண்டிக்கப்பட்டன. 'லெனினைப் பற்றிய மூன்று பாடல்கள்' (1934) பாராட்டுப் பெற்றது. ஆனால் இதுவும் பின்னர் ஸ்டாலின் காலத் தேவைக்கேற்ப மாற்றியமைக்கப்பட்டது. ஸ்டாலினைப் போற்றிய 'தாலாட்டு' (1937) கூடச் சில நாட்களிலேயே திரையரங்குகளில் இருந்து விலக்கப்பட்டது. அதன்பின் இவர் அளித்த திட்டங்கள் பல ஏற்கப்படவில்லை. 1944 முதல் இறக்கும்வரை, தமது பாணிக்கு இடமில்லாத வழக்கமான செய்திப்படங்களைத் தொகுக்கும் பணியிலேயே இருந்தார். 1949 இல் யூத அறிவாளிகளைக் குறிவைத்த பரப்புரையின்போது இவரும் தாக்கப்பட்டார். 1954 இல் மாஸ்கோவில் புற்றுநோயால் காலமானார்.

தாக்கம்

இவரது குறிப்புகளையும் ஆவணங்களையும் சுவிலோவா பாதுகாத்தார். 1960களில் பிரான்சில் தோன்றிய 'சினிமா வெரிதே' இயக்கத்தின் பெயர் 'கினோ பிராவ்தா'வின் மொழிபெயர்ப்பே ஆகும். இயக்குனர் கொடார்ட் தமது குழுவுக்கு வெர்த்தோவின் பெயரைச் சூட்டினார். பிரித்தானிய இதழான 'சைட் அண்ட் சவுண்ட்' 2014 இல் நடத்திய வாக்கெடுப்பில் 'திரைப்படக் கருவியுடன் ஒரு மனிதன்' மிகச்சிறந்த ஆவணப்படமாகத் தேர்வு பெற்றது. முழுவடிவில் கிடைக்காதிருந்த 'புரட்சியின் ஆண்டுநிறைவு' (1918) என்னும் இவரது தொடக்ககாலப் படம் 2018 இல் மீளமைக்கப்பட்டுத் திரையிடப்பட்டது.

முக்கிய படைப்புகள்

- திரைக்கண் (1924)
- உலகின் ஆறில் ஒரு பகுதி (1926)
- பதினோராம் ஆண்டு (1928)
- திரைப்படக் கருவியுடன் ஒரு மனிதன் (1929)
- உற்சாகம் (1931)
- லெனினைப் பற்றிய மூன்று பாடல்கள் (1934)
- தாலாட்டு (1937)