வில்லிஸ் கேரியர்: ஏசி சர்வீஸுக்கு வர்றவர் கையில ஏன் தெர்மாமீட்டர் இருக்கணும்?

சித்திரை பிறந்து வீரபாண்டி திருவிழா நெருங்கினால் தேனியில் ஏசி மெக்கானிக்குகளின் போன் ஓயாது. வெயில் 38, 39 என்று ஏறும்போதுதான் பலருக்கும் போன வருஷம் சர்வீஸ் பண்ணாதது ஞாபகம் வரும். கூலிங் பத்தலைன்னு கூப்பிட்டால் ஒருவர் வருவார். இண்டோர் யூனிட் முன்னால் கையை நீட்டிப் பார்ப்பார். கேஸ் கம்மியா இருக்கு என்பார். நிரப்பிவிட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிடுவார்.

எல்லா மெக்கானிக்கும் இப்படி இல்லை. ஆனால் இந்தக் காட்சி எல்லோருக்கும் பழக்கமானது. இதில் ஓர் இடத்தில்கூட எதுவும் அளக்கப்படவில்லை என்பதுதான் சிக்கல். கையால் தொட்டுப் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்லும் இந்தப் பழக்கத்தை எதிர்த்தே தன் வாழ்க்கையைத் தொடங்கியவர்தான் இன்றைய ஏசிக்கு வழிபோட்ட வில்லிஸ் கேரியர்.

யார் இந்த கேரியர்?

1876 நவம்பர் 26-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், அங்கோலா என்ற சின்ன ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பின்னம் புரியாமல் தவித்த சிறுவனுக்கு அம்மா ஆப்பிள்களை நறுக்கி வைத்து அரை, கால், அரைக்கால் என்று விளக்கினார். கணக்கைக் கண்ணால் பார்க்கலாம் என்பது அவருக்கு அப்போதே பிடிபட்டுவிட்டது. அவருக்குப் பதினோரு வயசு இருக்கும்போது அம்மா இறந்துபோனார். 1890-களின் பொருளாதார நெருக்கடியில் குடும்பம் தடுமாற, காலேஜ் கனவு தள்ளிப்போனது. கடைசியில் ஸ்காலர்ஷிப்பில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1901-ல் இன்ஜினியராக வெளியே வந்தார்.

வேலை கிடைத்தது பஃபலோ ஃபோர்ஜ் என்ற கம்பெனியில். சம்பளம் வாரம் 10 டாலர். பெரிய ஃபேன்களும் ஹீட்டர்களும் செய்யும் இடம் அது. மரத்தையும் காபிக்கொட்டையையும் உலர்த்தும் அமைப்புகளை வடிவமைப்பது அவருக்கு வந்த ஆரம்ப வேலைகளில் சில. போடி பக்கம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது.

அங்கே அவர் கவனித்த விஷயம் ஒன்றுதான். ஹீட்டர் காயில் எவ்வளவு பெரிசா இருக்கணும், எவ்வளவு காற்று போகணும் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. முன்னால் செய்ததைப் பார்த்து, எதுக்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கேரியர் காயில்களை வைத்துச் சோதனை செய்து, எண்களை அட்டவணையாக்கினார். கம்பெனிக்குப் பணம் மிச்சமானது. பரிசோதனைப் பிரிவு ஒன்றைத் தொடங்கி அவர் கையில் கொடுத்தார்கள். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள்கூட ஆகவில்லை.

காகிதம் கொடுத்த தலைவலி

1902-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த சாக்கெட்-வில்ஹெல்ம்ஸ் அச்சகத்துக்கு ஒரு பிரச்சினை. கலர் பிரின்டிங்கில் ஒவ்வொரு நிறமும் தனித்தனியாக ஏறும். புழுக்கமான நாளில் காகிதம் ஈரத்தை இழுத்துக் கொஞ்சம் விரியும். மறுநாள் காய்ந்து சுருங்கும். ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் சரியாக உட்காராது. அச்சான தாள் குப்பைக்குப் போகும்.

ஆக, ஏசி பிறந்தது மனிதர்களுக்காக இல்லை, காகிதத்துக்காக. கேட்டது குளிர்ச்சியும் இல்லை, வருஷம் முழுக்க 55 சதவீத ஈரப்பதம். கேரியர் முதலில் உப்புக் கரைசலில் நனைத்த சாக்குத்துணி வழியாகக் காற்றை விட்டுப் பார்த்தார். ஈரம் குறைந்தது; ஆனால் உப்பும் காற்றோடு வந்தது. அந்த வழியை விட்டுவிட்டு, குளிர்ந்த தண்ணீர் ஓடும் காயில்கள் மேல் காற்றைச் செலுத்தினார். எந்த வெப்பநிலையில் எவ்வளவு ஈரம் காயிலில் நீராகப் படியும் என்று வானிலைத் துறையின் அட்டவணைகளை வைத்துக் கணக்குப் போட்டார். அவர் வரைபடத்தில் இருக்கும் தேதி 1902 ஜூலை 17. அப்போது அவருக்கு வயசு 25.

அந்த அமைப்பின் குளிரூட்டும் சக்தி, ஒரு நாளைக்குச் சுமார் 49,000 கிலோ ஐஸ் உருகுவதற்குச் சமம். இன்றைக்குக் கடையில் 1 டன் வேணுமா, ஒன்றரை டன் வேணுமா என்று கேட்கிறார்களே, அந்த டன்னும் இதே ஐஸ் கணக்குதான். 1 டன் ஏசி என்றால், 24 மணி நேரத்தில் சுமார் 907 கிலோ ஐஸ் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ அவ்வளவு இழுக்கும் என்று அர்த்தம். மெஷினோட எடைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

அதே வருடக் கடைசியில் பிட்ஸ்பர்க் ரயில் பிளாட்பாரத்தில் பனிமூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். பனிமூட்டம் என்பது ஈரத்தால் முழுதாக நிரம்பிய காற்று. ஆனால் குளிர்ந்த காற்றால் பிடித்துவைக்க முடிகிற ஈரமே கொஞ்சம்தான். அப்படியானால் காற்றை வேண்டிய வெப்பநிலையில் ஈரத்தால் நிரப்பிவிட்டு, பிறகு சூடாக்கினால், அதில் எவ்வளவு ஈரம் இருக்கும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிடலாம். தண்ணீரைத் தெளித்தே காற்றை உலர்த்தலாம் என்ற, கேட்பதற்குக் கிறுக்குத்தனமான இந்த யோசனைக்கு 1906-ல் பேட்டன்ட் கிடைத்தது. 1911-ல் அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்தில் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் இணைக்கும் சூத்திரங்களை வைத்தார். அவற்றிலிருந்து வந்த சைக்ரோமெட்ரிக் சார்ட் இன்றும் இன்ஜினியரிங் காலேஜ்களில் பாடம்.

சாரல் நேரத்து ஏசி

இந்தச் சார்ட்டுக்கும் பெரியகுளத்திலோ கம்பத்திலோ இருக்கும் ஒரு பெட்ரூம் ஏசிக்கும் என்ன சம்பந்தம்? நிறையவே இருக்கு.

ஜிகர்தண்டா டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பதுபோலத்தான் ஏசி காயிலும் வியர்க்கிறது. டிரெய்ன் பைப்பில் சொட்டும் தண்ணீர் அறைக் காற்றில் இருந்த ஈரம். ஒரே ஏசிக்கு இரண்டு வேலை: காற்றைக் குளிர வைக்கணும், ஈரத்தையும் பிழியணும். சித்திரையில் காற்று காய்ந்து கிடக்கும்போது அதன் சக்தியில் பெரும்பகுதி குளிர வைக்கவே போகும். ஆனி, ஆடியில் கேரள மழையின் சாரல் மலையைத் தாண்டிப் பள்ளத்தாக்குக்குள் வரும்போது ஈரம் பிழியும் வேலை கூடிவிடும். அதனால் உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் இருக்கும் வெப்பநிலை வித்தியாசம் தானாகவே குறையும். ஏசி நல்லா ஓடினாலும் கைக்கு ஜில்லென்று தெரியாது.

பொதுவாக நல்ல நிலையில் இருக்கும் வீட்டு ஏசியில் இந்த வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி வரை இருக்கும். கையை மட்டும் நீட்டிப் பார்ப்பவருக்கு ஜூலை மாத 8 டிகிரி, கேஸ் குறைவாகத் தோன்றும். தெர்மாமீட்டரும் ஈரப்பதமானியும் வைத்திருப்பவர் அந்தத் தப்பைப் பண்ண மாட்டார்.

கேஸ் பற்றி இன்னொன்று. அது பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. உண்மையிலேயே குறைந்திருந்தால் எங்கோ லீக் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து அடைக்காமல் வருஷா வருஷம் நிரப்புவது ஓட்டை வாளியில் தண்ணி ஊற்றுகிற கதை. காயிலில் ஐஸ் கட்டுவதும் கேஸ் குறைந்ததற்கு ஆதாரம் ஆகாது. ஃபில்டர் அடைத்துக் காற்று போகாவிட்டாலும் அப்படியே ஐஸ் கட்டும். ஆடிக்காற்றில் ஆண்டிபட்டி, தேனி பக்கம் பறக்கும் புழுதி ஃபில்டரிலும் அவுட்டோர் யூனிட்டிலும் அப்பிக்கொள்வது எல்லோரும் பார்ப்பதுதான்.

நூற்பாலையில் கற்ற பாடம்

அச்சகத்துக்குப் பிறகு கேரியருக்கு வேலை கொடுத்தவை பஞ்சாலைகள். காற்று காய்ந்தால் நூல் அறும். இன்று தேனி, ஆண்டிபட்டி பக்கத்து நூற்பாலைகளில் ஈரப்பத பிளான்ட் ஓடுவதும் அதனால்தான். சொல்லப்போனால் ஏர் கண்டிஷனிங் என்ற பெயரே பஞ்சாலைகளிலிருந்து வந்தது. 1906-ல் அதை உருவாக்கியவர் ஸ்டூவர்ட் கிராமர் என்ற இன்னொரு இன்ஜினியர். புகழ் முழுவதும் கேரியருக்கே போய்விட்டது.

பஃபலோ ஃபோர்ஜ் காலத்தில் கேரியர் சறுக்கிய ஓர் இடம் உண்டு. மிசௌரி மாநிலத்தில் கிரிஸ்டல் சிட்டி என்ற ஊரின் கண்ணாடித் தொழிற்சாலையில், இன்ஜின்களுக்குப் போகும் வாயுவைச் சுத்தம் செய்யும் கருவி ஒன்றைப் பொருத்தப் போனார். ஓடியது, ஆனால் கம்பெனி கொடுத்த கேரன்ட்டி அளவை எட்டவில்லை. வயிறு கலங்கியது, தூக்கம் போனது. பிறகு ஒரு நாள் உட்கார்ந்து, இதைவிட மோசமாக என்ன நடந்துவிடும் என்று கணக்குப் போட்டார். கருவியைப் பிடுங்கிக்கொண்டு போனால் கம்பெனிக்கு 20,000 டாலர் நஷ்டம். தன் வேலையும் போகலாம். அதை மனசுக்குள் ஏற்றுக்கொண்ட பிறகு தலை தெளிந்தது. திரும்ப அளந்தார், சோதித்தார். இன்னும் 5,000 டாலருக்குக் கூடுதல் கருவி போட்டால் சரியாகிவிடும் என்று தெரிந்தது. கம்பெனி அந்தப் பணத்தைப் போட்டது. வேலை முடிந்தபோது 20,000 டாலர் நஷ்டத்துக்குப் பதிலாக 15,000 டாலர் லாபம். டேல் கார்னகி 1948-ல் கவலையை விரட்டுவது பற்றி எழுதிய புத்தகத்தில் இந்தக் கதை இருக்கிறது.

சுயமுன்னேற்றப் பேச்சாளர்கள் இதைக் கவலைக்கு மருந்தாகச் சொல்வார்கள். சர்வீஸ் தொழிலில் இருப்பவர்கள் படிக்க வேண்டியது வேறு பகுதி. கேரன்ட்டி எண்ணாக எழுதப்பட்டிருந்ததால்தான் அதை எட்டவில்லை என்பதை யாரும் மழுப்ப முடியவில்லை. எட்டவில்லை என்றதும் கேரியர் கஸ்டமரின் கரன்ட்டையோ இன்ஜினையோ குறை சொல்லிக்கொண்டு இருக்கவும் இல்லை.

ஏழு பேர், ஒரு தியேட்டர், ஒரு தீக்குச்சி

முதல் உலகப் போர் தொடங்கியதும் பஃபலோ ஃபோர்ஜ் செலவைக் குறைத்து, பொருள் தயாரிப்போடு நிறுத்திக்கொள்ள முடிவு செய்தது. கேரியரும், ஆர்டர் பிடிப்பதில் கெட்டிக்காரரான இர்வின் லைலும், இன்னும் ஐந்து இன்ஜினியர்களும் வெளியே வந்து 1915-ல் 32,600 டாலரில் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். லைல் இல்லாவிட்டால் கேரியர் என்ன ஆகியிருப்பார் என்பது யோசிக்க வேண்டிய விஷயம். பெரிய சூட்கேஸை எடுத்துக்கொண்டு வெளியூர் போய், திறந்து பார்த்தால் உள்ளே ஒரே ஒரு கைக்குட்டை மட்டும் இருந்ததாக இந்த மறதிக்காரரைப் பற்றிக் கதை உண்டு.

1922-ல் சென்ட்ரிஃப்யூகல் சில்லர் என்ற புது மெஷினை வெளியிட்டார். ஆபத்தான அம்மோனியாவுக்குப் பதில் டைலீன் என்ற திரவம். 1925-ல் நியூயார்க் ரிவோலி தியேட்டரில் அதைப் போடப் போனபோது நகரப் பாதுகாப்பு அதிகாரி அனுமதி தர மறுத்தார். கேரியர் ஒரு பாத்திரத்தில் டைலீனை ஊற்றித் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டுக் காட்டினார். வெடிக்கவில்லை, மெதுவாக எரிந்தது. திறப்பு நாளில் மெஷின் ஓடத் தொடங்கவே தாமதம். கூட்டம் விசிறியும் கையுமாக உட்கார்ந்திருந்தது. கேரியரும் ஆட்களும் அங்கேயே நின்றார்கள். நேரம் ஆக ஆக விசிறிகள் ஒவ்வொன்றாக மடிக்கு இறங்கின.

தீக்குச்சி வித்தையை இன்று யாரும் செய்யக் கூடாது. இப்போது வீட்டு ஏசிகளில் பரவலாக இருக்கும் ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும் தன்மை உள்ளது; சில மாடல்களில் இருக்கும் ஆர்-290 சமையல் கேஸில் இருக்கும் அதே புரொப்பேன். ஜன்னலைத் திறந்து வைக்காமல், பீடி சிகரெட்டை அணைக்காமல் கேஸ் வேலை தொடங்குபவரைத் தடுத்து நிறுத்தும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு. எந்த கேஸ், எத்தனை கிராம் என்பது அவுட்டோர் யூனிட் ஸ்டிக்கரிலேயே அச்சாகி இருக்கும்.

கேரியர் இன்று ஒரு வீட்டுக்கு சர்வீஸ் போனால் என்ன செய்வார் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. சொன்ன நேரத்துக்கு வருவார். தாமதமானால் போன் பண்ணிச் சொல்வார். தண்ணி அடிப்பதற்கு முன் கட்டில் மேல் ஷீட்டை விரிப்பார். ஃபில்டரையும் காயிலையும் கழுவுவதற்கு முன்பு ஒரு ரீடிங், கழுவிய பிறகு ஒரு ரீடிங் எடுத்து, வீட்டில் இருக்கும் அக்காவிடமோ அய்யாவிடமோ காட்டுவார். கம்ப்ரஸர் இழுக்கும் கரன்ட்டைக் கிளாம்ப் மீட்டரில் பார்ப்பார். டிரெய்ன் பைப்பில் ஒரு சொம்பு தண்ணி ஊற்றி ஓடுதான்னு பார்ப்பார். எண்களை பில்லில் எழுதிக் கொடுப்பார். அடுத்த வருஷம் வேறொருவர் வந்தாலும் அந்த பில்லை வைத்து, ஏசி எவ்வளவு மாறியிருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

வீடுகள் மட்டும் அவருக்குச் சுலபமாகக் கைகூடவில்லை. 1928-ல் வெதர்மேக்கர் என்ற வீட்டு மெஷினைக் கொண்டுவந்தார். அடுத்த வருஷமே பொருளாதாரப் பெருமந்தம் வந்து எல்லாம் படுத்துவிட்டது. 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் பனிவீடு வடிவத்தில் அரங்கு போட்டு மக்களுக்கு ஆசை காட்டினார். பிறகு இரண்டாம் உலகப் போர். 1950 அக்டோபர் 7-ல், 73 வயதில் அவர் இறந்தபோது அமெரிக்காவிலேயே பெரும்பாலான வீடுகளில் ஏசி கிடையாது.

அவர் காலத்து இன்ஜினியர்கள் கையில் இருந்த முக்கியக் கருவி இரண்டு தெர்மாமீட்டர்தான். ஒன்று அப்படியே இருக்கும்; மற்றொன்றின் நுனியில் ஈரத்துணி சுற்றியிருக்கும். காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு ஈரத்துணி தெர்மாமீட்டர் கீழே இறங்கும். அந்த வித்தியாசத்திலிருந்து ஈரப்பதம் வந்துவிடும். அதே வேலையைச் செய்யும் உள்ளங்கை அளவு டிஜிட்டல் மீட்டர் இப்போது சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கிறது. மெக்கானிக் கொண்டுவராவிட்டால் வீட்டுக்காரரே ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம்.