மலைமேல் ஓர் ஆங்கிலச் சிற்றூர்
சாமுவேல் பேக்கரின் வாழ்வும் ஏக்கமும்

கொத்மலையிலிருந்து இறம்பொடை வழியாக மேலேறி நுவரெலியாவை அடைவோர் அங்கே ஒரு புதுமையைக் காண்பர். 1876ஆம் ஆண்டில் தோன்றிய ஹில் கிளப்பும், 1891இல் விடுதியான கிராண்ட் ஹோட்டலும் விக்டோரியா அரசி காலத்து இங்கிலாந்தை இன்றும் நினைவூட்டி நிற்கின்றன. மாலை உணவுக்குக் கழுத்துப்பட்டி அணிந்தே வரவேண்டும் என்னும் கட்டுப்பாடு ஹில் கிளப்பில் நெடுங்காலம் போற்றப்பட்டது. கந்தப்பளையில் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்று 1990களில் விடுதியாக மாற்றப்பட்டு, அங்கு ஒரு பழைய இரயில் பெட்டியே உணவுச்சாலையாகவும் ஆயிற்று. கடந்துபோன ஒரு காலத்தை உண்டும் பருகியும் துய்க்க மாந்தர் பொருள் செலவிட்டு வருகின்றனர். இவ்வேட்கையின் வேரைத் தேடின், அது நம்மை ஒரு மனிதரின் வரலாற்றுக்கு இட்டுச் செல்லும். அவரே சாமுவேல் பேக்கர்.

பேக்கர் 1821ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் இலண்டன் மாநகரில் செல்வக்குடியொன்றிற் பிறந்தார். தந்தையாருக்கு மொரீசியசுத் தீவிலே கரும்புத் தோட்டங்கள் இருந்தன. சிலகாலம் அத்தீவில் வாழ்ந்த பின்னர், இளமை மிடுக்கும் வேட்டை விருப்பும் உந்த இலங்கைக்கு வந்தார். தாழ்நிலக் காடுகளில் யானை வேட்டையாடியவர் கடுங்காய்ச்சலுற்று நலிந்தார். உடல் தேறும்பொருட்டு நுவரெலியாவுக்கு அனுப்பப்பட்டார். ஆறாயிரம் அடிக்கு மேலுயர்ந்த அப்பீடபூமியின் குளிர்காற்று சின்னாட்களிலேயே அவரை எழுப்பி நிறுத்தியது. அக்குளிர், நோயை மட்டும் போக்கவில்லை. பிறந்தகத்தின் நினைவையும் எழுப்பிவிட்டது. இவ்விடத்தே ஓர் ஆங்கிலச் சிற்றூரை அமைத்தால் என்ன என்னும் எண்ணம் அவருள்ளத்தில் வேரூன்றியது.

எண்ணியதை முடிக்கும் திண்மை அவரிடம் இருந்தது. இங்கிலாந்துக்கு மீண்டு, 1848இல் உறவினருடனும் பண்ணை மேற்பார்வையாளர், கொல்லர் முதலியோருடனும் கப்பலேறினார். டர்ஹாம் இனத்து மாடுகளும், ஆட்டுக்கடாக்களும், வேட்டை நாய்களும், குதிரைவண்டியும் உடன் வந்தன. ஊரையே பெயர்த்தெடுத்துக் கடல்கடந்து கொண்டுவரும் முயற்சி அது.

மலையோ அவ்வளவு எளிதில் இணங்கவில்லை. ஏற்றப்பாதையில் குதிரைக்காரனின் கவனக்குறைவால் வண்டி பள்ளத்தில் உருண்டது. உதவிக்கு அனுப்பிய யானையும் அவன் விரைந்தோட்டியதால் மாண்டது. விதைத்த உருளைக்கிழங்கைப் புழுக்கள் அரித்தன. ஓட்ஸ் பயிரை மரைகளும் பன்றிகளும் மேய்ந்தன. கால்நடைகள் நோயால் மடிந்தன. ஆயினும் பேக்கர் தளர்ந்தாரல்லர். காடு திருத்தி, எருவிட்டு, பண்ணையை நிலைநிறுத்தினார். ஓய்ந்த வேளைகளில் ஹோர்ட்டன் சமவெளிவரை வேட்டைக்குச் சென்றார். அங்குள்ள அருவி அவர் பெயரை இன்றும் தாங்குகின்றது. தம் இலங்கை வாழ்வை இரண்டு நூல்களில் எழுதி வைத்தார்.

1855இல் இலங்கையை நீங்கினார். அவ்வாண்டிலேயே மனைவி என்றியெற்றா உயிர்நீத்தார். பின்னர், 1859இல் தன்யூபு நதிக்கரையிலுள்ள விடின் நகரில் அடிமைச் சந்தையிலிருந்து மீட்ட புளோரன்சு என்னும் மங்கையுடன் ஆபிரிக்காவை நாடினார். 1864 மார்ச்சு 14ஆம் நாள் இருவரும் ஒரு பேரேரியைக் கண்டு, அதற்கு அல்பேட்டு எனப் பெயரிட்டனர். 1866இல் பேக்கருக்கு ‘சேர்’ பட்டம் கிடைத்தது. எகிப்து ஆட்சியாளரின் பணியில் 1869 முதல் 1873 வரை அடிமை வாணிகத்தை அடக்க முயன்றார். 1893 டிசம்பர் 30ஆம் நாள் இங்கிலாந்திலேயே மறைந்தார். ஆபிரிக்கப் பயணமே அவருக்கு உலகப்புகழ் தந்ததாயினும், நமக்கு நெருங்கிய பேக்கர் நுவரெலியாப் பேக்கரே.

இத்தகைய ஏக்கம் ஒரு நாட்டுக்கே உரியதன்று. 1930களில் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் டொன் பீச் என்பவர் மூங்கிலாலும் தென்னோலையாலும் அணிசெய்த மதுச்சாலையொன்றைத் திறந்து, பசிபிக் தீவுகளின் சாயலை அங்கே படைத்தார். பொலினீசிய மக்களின் ‘திக்கி’ என்னும் மரச்சிற்பத்தின் பெயரே பின்னர் அவ்வகைச் சாலைகளுக்கு வழங்கலாயிற்று. அங்கு அமர்ந்தோருட் பலர் அத்தீவுகளைக் கண்டவரல்லர். நுவரெலியா விடுதிகளில் இன்று அமர்வோரும் பேக்கரின் இங்கிலாந்தைக் கண்டவரல்லர். பேக்கர் ஏங்கியது தாம் வாழ்ந்த வீட்டுக்கு. இவர்கள் ஏங்குவது தாம் வாழாத ஒரு வீட்டுக்கு.

ஈண்டு ஒன்று சிந்திக்கற்பாலது. ஊரைச் சுமந்துவந்தவர் பேக்கர் ஒருவர்தாமா? தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து காட்டுவழி நடந்து, கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக இம்மலைகளைத் திருத்திய நம் முன்னோரும் தம் ஊரை நெஞ்சிற் சுமந்தே வந்தனர். மாரியம்மனுக்குக் கோயிலெடுத்தனர், காமன் கூத்தாடினர், லயத்து முற்றத்தில் தப்பு முழக்கினர். பேக்கர் கப்பலேறிய 1848க்குச் சரியாக நூறாண்டின் பின், 1948ஆம் ஆண்டுச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அக்குறை முற்றும் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

பிறந்த மண்ணை நினைந்து ஏங்குதல் குற்றமன்று. பேக்கரின் ஏக்கமும் கூலித் தொழிலாளியின் ஏக்கமும் ஒரே இனத்தவையே. ஒன்றற்கு விருந்து மேசை விரிக்கப்பட்டது. மற்றொன்றுக்கு லயத்து அடுப்படியே எஞ்சியது. அவ்வடுப்படியின் நினைவுகளைக் கூறவல்ல முதியோர் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றனர். மாணவர்கள் பேக்கரின் வரலாற்றைப் படிக்கட்டும். படித்தபின் அம்முதியோரின் அருகமர்ந்து, அவர்தம் வாய்மொழியை ஏட்டில் எழுதிவைக்கட்டும்.